நனைந்த மண்

“சாப்பாட்டுக் கிண்ணம் காலியாகணும், அது மூத்திரம் போற தட்டுல மண்ணு நனையணும். இது ரெண்டும் நடந்தா பயமில்லம்மா” என்று, பூனை குண்டனின் மூத்திர அடைப்பை நீக்கிய டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

குண்டனை வளர்க்கும் தையல்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். காலையில் எழுந்தால் கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் காலி. மண்ணும் ஈரம். ஆனாலும் குண்டன் கட்டிலுக்கடியை விட்டு அசையவில்லை.

“தின்னுறான், போறான். அப்புறமென்ன?” என்று சொல்லிவிட்டுக் கணவன் வேலைக்குப் போனான்.

அன்று மத்தியானம் தொட்டதுமே குண்டன் முனகினான். வயிறு கல்லாக இருந்தது. அள்ளிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரின் முகம் மாறியது. “ரெண்டு மூணு நாளா ஒரு சொட்டுகூடப் போகல. சாப்பிட்ட மாதிரியும் தெரியல.”

“தினமும் என் கண்ணால பாத்தேனே டாக்டர்.”

செல்போன் அடித்தது. கணவன்தான்.

“வீட்டுக்கு வந்துட்டேன், நீ எங்க போன? குண்டனை நினைச்சுக் கவலைப்படாதே. கிண்ணத்தை வழிச்சு நக்கியிருக்கான். மண்ணும் இப்பத்தான் நனைஞ்சிருக்கு.”

“என்னங்க, குண்டன் இங்க டாக்டர் மேஜைமேல கிடக்கறான்.”



“அப்ப, நம்ம ஜன்னல்ல உக்காந்து வாயை நக்கிக்கிட்டிருக்கிற இந்தப் பூனை யாருது?”