தையலுக்கு விட்ட ஓரம்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தட்டு ஜன்னல் வெயிலில் வியர்க்கிறது. உருக்கிய சாக்லேட்டும் வேர்க்கடலை வெண்ணெயும் கார்ன்ஃபிளேக்ஸைக் கவ்விப் பாளமாய் இறுகியிருக்கின்றன. தையல்காரி கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து அதன்மேல் நீட்டி அளக்கிறாள். பழக்கதோஷத்தில் சுற்றிலும் தையலுக்கு இடம் விட்டுக் கத்தியை இறக்குகிறாள். நறுக்கென்று சத்தம். தன் சட்டையை இறுக்கித் தைத்துவிட்டாள் என்று காலையில் கத்திய கணவன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

"இதுக்குமா தையலுக்கு விடுவே?" அடக்கமாட்டாமல் கேட்டுவிடுகிறான்.

அவள் ஓரத்துண்டு ஒன்றை அவன் பக்கம் தள்ளுகிறாள். மென்றுகொண்டே கேட்கிறான்: "அந்தச் சட்டையில விட்டிருக்கியா?"

"ரெண்டு இஞ்ச் இருக்கு. பிரிச்சு விட்டுடலாம்."

அவன் கை அடுத்த துண்டுக்கு நீள்கிறது.