பொணம் மூச்சு விடுது!

"ஐயய்யோ, பொணம் மூச்சு விடுது பாருங்க!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், தியேட்டரே கொல்லென்று சிரித்தது.

டெய்லர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? திரையில் பொணமாகப் படுத்திருப்பவர் அவளைப் பெற்ற அப்பா. படத்தை எடுத்தவன் கூடப்பிறந்த தம்பி.

கையில் காசில்லாமல், குடியிருக்கிற வீட்டையே செட்டாக்கி, சொந்தக்காரர்களையே நடிகர்களாக்கி எடுத்த த்ரில்லர். பணக்காரர் ஒருவர் செத்துப்போகிறார், உயிலைக் காணோம், பெற்ற பிள்ளைகள் மேலேயே கொலைச் சந்தேகம். கதை என்னவோ நல்ல கதைதான்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுங்கப்பா" என்று தம்பி தலைப்பாடாக அடித்துக்கொண்டான். அப்பா படுத்தார், அடுத்த நிமிஷம் நிஜமாகவே தூங்கிவிட்டார். எழுப்பினால் கோபம் வரும் என்று அப்படியே எடுத்துவிட்டார்கள்.

"அடேய், இங்க பாருடா! அண்ணன் வீட்டு சோபாவும் தம்பி வீட்டு சோபாவும் ஒண்ணுதான். சட்டையை மட்டும் மாத்திவிட்டிருக்காங்க!"

மறுபடியும் அதே குரல். மறுபடியும் சிரிப்பு.

அந்த சோபா 'சட்டை'யைத் தைத்தவளே அக்காதான். ராத்திரி பகலாகத் தைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். முன்வழுக்கையும் கட்டை மீசையுமாக ஒரு பெரிய மனுஷர். பக்கத்தில் அவரைவிடக் கொஞ்சம் சின்னவர் ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

'இரு, படம் முடியட்டும். உன்னை வெச்சுக்கறேன்.'

இந்த ஆளைப் பிடிக்கத்தான் அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு மேட்னி ஷோவுக்கே வந்திருக்கிறாள். "ஒருத்தர் ரெண்டு நாளா விடாம வர்றாரும்மா. நேத்து ஒரே ரகளை" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டிலோ தம்பி போர்வையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயே படுத்து, போனில் வருகிற விமர்சனத்தையெல்லாம் படித்துப் படித்து முகம் சுண்டிப்போயிருந்தான்.

"ஊரே சிரிக்குதுக்கா. இனி சினிமாவே வேண்டாம். மாமா கடைக்கே போயிடறேன். படத்தையும் தூக்கிடச் சொல்லிடறேன்" என்றான் காலையில். அவன் சொன்னால் செய்துவிடுவான். பத்து வயசிலிருந்து சினிமா சினிமா என்று பைத்தியமாக அலைந்தவன்.

கடைசி சீன் வந்தது. உயில் கிடைத்துவிடுகிறது. வீடு முழுக்க அண்ணனுக்கே. அண்ணன் சாவியை எடுத்துத் தம்பி கையில் வைத்து, "நீ இல்லாத வீட்டுல நான் மட்டும் என்னடா பண்ணப்போறேன்?" என்கிறான்.

பின்வரிசையில் சத்தமே இல்லை. 'நக்கலடிக்கக்கூட சரக்கு தீர்ந்துபோச்சு போல' என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

வெளியே வந்ததும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, பெரிய மனுஷர்தானே நீங்க? பிடிக்கலைன்னா எழுந்து போக வேண்டியதுதானே? மூணு நாளா வந்து வந்து ஒருத்தன் வயித்துல அடிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

பெரியவர் திடுக்கிட்டுப்போனார். "நீங்க யாரும்மா?"

"அந்தப் பொணத்தோட பொண்ணு!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். கூட வந்தவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மெதுவாம்மா, அவன் காதுல விழுந்துடப்போகுது. மொத நாள் நான் தனியாத்தான் வந்தேன். கடைசி சீன்ல குமுறிக் குமுறி அழுதுட்டேன். நேத்து வந்தது ஒத்திகைக்கு."

"ஒத்திகையா?"

"எங்கெங்க சிரிக்க வைக்கலாம்னு பாக்கத்தான். அவன் என் தம்பி. அப்பா விட்டுட்டுப் போன வீட்டுக்காக அடிச்சுக்கிட்டு, வருஷக்கணக்கா கோர்ட்டுல மட்டும்தான் மூஞ்சியைப் பாத்துக்குவோம். இன்னைக்குக் காலையில கோர்ட் வாசல்லயே மடக்கினேன். 'நல்ல குடும்பப் படம், வாடா'ன்னா வருவானா? 'படு மட்டமான படம் ஒண்ணு வந்திருக்கு, சின்ன வயசு மாதிரி ஓட்டலாம் வாடா'ன்னேன். வந்துட்டான்."

அக்கா மறித்த வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"உங்கப்பா மூச்சு விட்டாரு பாருங்க, அப்பதாம்மா அவன் சிரிச்சு என் தோள்ல சாஞ்சான். கடைசி வரைக்கும் தலையை எடுக்கவே இல்ல." பெரியவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

தம்பிக்காரர் வந்து சேர்ந்தார். எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவியும் கண் சிவப்பு போகவில்லை.

"அண்ணே, சாயங்காலம் போய் நம்ம அக்காவையும் நாளைக்கு ஷோவுக்குக் கூப்பிடலாமா? அவளும்தான் நம்மகூடப் பேசறதில்ல. பொணம்னு சொன்னா ஓடி வருவா."

இரண்டு பேரும் சின்னப் பசங்களைப்போல இடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்கள். டெய்லர் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், தானாகவே சிரித்தாள்.

போன் அடித்தது. தம்பி.

"என்னக்கா, அந்த ஆளைப் பாத்தியா? மேனேஜருக்குப் போன் போட்டுப் படத்தைத் தூக்கச் சொல்லிடட்டுமா?"

"தூக்கிப் பாரு, கையை ஒடிச்சுடுவேன்! அண்ணன், தம்பி, அக்கான்னு ஒரு குடும்பமே நாளைக்கு ஒரே வரிசையில உக்காந்து, நம்ம அப்பா மூச்சு விடறதைப் பாக்க வருதுடா!"