நாலாவது நாற்காலி

"மெழுகுவத்தி எல்லாம் வேணாம். நல்ல வெளிச்சமா இருக்கணும், படி ஏறாம இருக்கணும். நாலு பேரு உக்கார்ற மாதிரி டேபிள் வேணும்" என்றாள் ஜீவிதா.

வசந்த் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். கல்யாண நாளுக்கு இப்படி ஓட்டல் தேடுகிறவளை அவன் கேள்விப்பட்டதில்லை.

"மொட்டை மாடி. மேல சின்னச் சின்ன லைட்டு. ஓரமா ரெண்டு பேருக்கு மட்டும் டேபிள். போட்டோவையாவது பாரேன்."

"அப்பாவுக்கு முட்டி வலி. மாடி ஏற மாட்டாரு. இருட்டுல அவருக்குக் கண்ணும் சரியாத் தெரியாது."

தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்த முட்டிகள். வசந்த் மறுபேச்சில்லாமல் மாடி ஓட்டலைக் கைவிட்டான்.

உண்மையில் அவர்கள் அவள் பிறந்த ஊரான காஞ்சிபுரத்துக்கே வருவதாக இல்லை. ஓசூரிலிருந்து மாமல்லபுரம் போய், கடலைப் பார்த்த ஓட்டலில் சாப்பிடுவதாகத்தான் திட்டம். வேலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஜீவிதா தம்பி தினேஷுக்குப் போன் போட்டாள். வீட்டுக்குத் தெரியாமல் அவளிடம் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

"என்னடா, பாத்திரச் சத்தமா கேக்குது? வூட்டுல விசேஷமா?"

அவன் பாத்திரச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தான். பிறகு சொன்னான். "அப்பா காலையிலயே மார்க்கெட்டுக்குப் போயி உனக்குப் புடிச்சதெல்லாம் வாங்கியாந்தாருக்கா. அம்மா சமைச்சுக்கினு இருக்குது."

ஜீவிதா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேறு சாதிக்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவளின் பெயரை அந்த வீட்டில் ஒரு வருஷமாக யாரும் உச்சரித்ததில்லை. அப்பாவே இன்று பை தூக்கிக்கொண்டு மார்க்கெட் போனார் என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

"நாங்க இப்பவே வூட்டுக்கு வரோம்டா."

"வூட்டுக்கு வராதக்கா. சாயங்காலம் ஏதாவது ஓட்டல்ல இரு. நான் வரேன்."

"அப்பாவையும் கூட்டிக்கினு வா."

தினேஷ் போனை வைத்துவிட்டான். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், தெருமட்டத்தில், டியூப்லைட் பளீரென்று எரியும் ஒரு சைவ ஓட்டல் அமைந்தது. பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை பூரியை ஓட்டை போட்டுக்கொண்டிருந்தது. "கடலுக்குப் பதிலா சாம்பார் வாளி. ரொம்ப ரொமாண்டிக்" என்றான் வசந்த்.

"எங்கப்பா எதிர்ல ரொமான்ஸ் பண்ணிடுவியா நீ?" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

கூட்டம் சேர்ந்தது. சர்வர் காலி நாற்காலியில் கை வைத்தபோதெல்லாம், "ஆள் வராங்க" என்று ஜீவிதா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சுவரோரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி அது. அப்பாவுக்குக் காற்று வேண்டும்.

தினேஷ் ஒரு கேரியரும் துணிப்பையுமாக வந்தான். நெற்றி நிறைய விபூதி. "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டான். அவன் வசந்தை மாமா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அப்பா வண்டி நிறுத்துறாராடா?"

அவன் கேரியரை மேஜைமேல் வைத்தான். மொச்சை போட்ட கத்திரிக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல், வடை, சேமியா பாயசம். ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்த ஜீவிதாவின் கண் நிறைந்தது.

"வெளிச் சாப்பாடு இங்க வெச்சு சாப்பிடக்கூடாது சார்" என்றார் சர்வர்.

"எடுத்துனு போறதுக்குத்தாண்ணா" என்றான் தினேஷ்.

"உனக்கு என்ன சொல்லட்டும்? ரோஸ்ட்?" என்று கேட்டான் வசந்த்.

"எனக்கு வேணாம் மாமா. இன்னிக்கு ஒருபொழுது."

"யாரு, நீயா? மத்தியானச் சோத்துக்கும் ராத்திரிச் சோத்துக்கும் நடுவுல மூணு தடவ திம்பியேடா" என்றாள் ஜீவிதா. தினேஷ் சிரிக்கவில்லை.

துணிப்பையில் ஒரு பட்டுப் புடவை. மயில்கழுத்து நிறம். கல்யாணத்துக்கு இதுதான் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அப்பாவிடம் சொல்லிவைத்த நிறம். முகத்தில் வைத்துக்கொண்டாள். சாம்பிராணி வாசனை அடித்தது.

"சாமிகிட்ட வெச்சு எடுத்தீங்களா?"

"ம்."

"பாரு, அப்பாவுக்குத் தேதி கூட மறக்கல" என்றாள் கணவனிடம்.

தினேஷ் டம்ளரை மெல்ல நகர்த்தி வைத்தான். "ஐயர் வேற நாள்தான்க்கா குறிச்சுக் குடுத்தாரு. அப்பாதான், நீ போன தேதியிலதான் செய்யணும்னு நின்னாரு."

"ஐயரா? எதுக்குடா ஐயரு?"

அதற்குள் சர்வர் மறுபடியும் வந்துவிட்டார். வாசலில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. "மேடம், அந்தச் சேர எடுத்துக்கட்டுமா?"

"இருங்கண்ணா. எங்கப்பா இப்ப வந்துடுவாரு." ஜீவிதா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தாள்.

தினேஷ் எட்டி அவள் விரல்களை விலக்கினான்.

"எடுத்துக்கோங்கண்ணா" என்றான் சர்வரிடம். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"உனக்கு இன்னிக்கு மொத வருஷத் தெவசம்க்கா."