நான்காவது படி

போன ஐப்பசியில் வெள்ளம் வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது. அதனால் அஞ்சலாட்சி கோடை முழுக்கக் குளத்து மண்ணைச் சுமந்து கொட்டித் தரையை ஒரு சாண் உயர்த்தினாள். வாசலில் பக்கிரிசாமி கொத்தனார் முன்பு கட்டிய மூன்று படிகள் இருந்தன. அவற்றின் மேல் இன்னொன்று வேண்டியிருந்தது.

பக்கிரிசாமி படிகளைக் காட்டினார். "நாலு படி ஆவாது தங்கச்சி. எண்ணிப் பாரு: லாபம், நட்டம், லாபம், நட்டம். நட்டத்த மிதிச்சா வீட்டுக்குள்ள போவே?"

"அஞ்சாவதுக்கு மண்ணு யாருண்ணே சொமக்குறது?"

அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். நான்காவது படியை அவளே கட்டினாள். அது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் வாய்விட்டு எண்ணிச் சிரித்தார்கள். அவள் தினமும் அந்தப் படிக்கு மட்டும் கோலம் போட்டாள்.

இந்த ஐப்பசியில் தெருவில் மற்ற எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தலையில் அரிசி மூட்டையும் பின்னால் மனைவியுமாகப் பக்கிரிசாமி தொடையளவு நீரில் வந்து நின்றார். அவர் கட்டிய மூன்று படிகளும் தண்ணீருக்குள் இருந்தன.

உலர்ந்த தரையில் நின்றபடி அஞ்சலாட்சி சொன்னாள்: "எண்ணிட்டு ஏறுங்கண்ணே."

வெளியே தெரிந்தது அந்தக் கோணல் படி ஒன்றுதான். அவர் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"லாபம்" என்றார்.