பாதியில எழுந்து போனவங்க

ஓடிப்போயிட்டாங்கன்னு மறுபடியும் சொல்லாதீங்க மிஸ்டர் கெல்லர். மிஸ் ஷவோன் ஓடல. நடந்துதான் போனாங்க, என் கையப் பிடிச்சுக்கிட்டு.

நான் கத்தறேனா? புதுக் கம்பெனிகளுக்குக் காசு போடுற, அட்லாண்டால இருக்கிற அத்தனை ஏஞ்சல் முதலீட்டாளருக்கும் 'மெஷின் பல்லிளிச்சதும் பொம்பள கம்பி நீட்டிட்டா, காசு போடாதீங்க'ன்னு மெயில் அனுப்பினது நீங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் அவங்க போன எடுக்கல. நர்ஸ் வேலைய விட்டு, வீட்ட வித்து ஆரம்பிச்ச கம்பெனி. இந்த மாசத்தோட மூடப்போறாங்க.

அன்னிக்கு அவங்க உங்க ஆபீஸுக்குக் காசு கேட்டு வந்தப்ப நடந்தத நான் சொல்றேன். காலேஜ் விட்டு வந்து உங்களுக்குக் காபி ஊத்துற பொண்ணுதானே, மூலையில நின்னு எல்லாத்தையும் பாத்தேன்.

சுவத்துல பெரிய பேனர்: 'கறுப்பினப் பெண்களின் தொழிலுக்குத் தோள் கொடுப்போம்.' அதுக்குக் கீழ உக்காந்திருந்ததுல எங்களாட்டம் கறுத்த ஆளு ஒருத்தர்கூட இல்ல.

மிஸ் ஷவோன் ரெண்டு கருவிய மேஜையில வெச்சாங்க. விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்கிறது. ஒண்ணு கடையில வாங்கினது, இன்னொண்ணு அவங்களே செஞ்சது.

"கடையில விக்கிறது கறுத்த தோல்ல ஏமாத்தும் சார். ஆக்சிஜன் இறங்கிப் போயிருந்தாலும் நல்லாருக்குன்னு காட்டும். என்னோடது உண்மையச் சொல்லும்."

நீங்க ரெண்டையும் மாட்டிப் பாத்தீங்க. "இதுலயும் தொண்ணூத்தெட்டு, அதுலயும் தொண்ணூத்தெட்டு. அப்புறம் உன்னோடது எதுக்கும்மா?"

ரெண்டு கருவியும் மேஜையச் சுத்தி வந்துச்சு. எல்லாருக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுச்சு. ஒரே சிரிப்பு.

"உங்க விரலுக்கு அப்படித்தான் காட்டும். உங்களுக்காக நான் இதச் செய்யல."

"அப்படியா? ஏய் ஜோனெல், காபிய வெச்சிட்டு இங்க வா. கைய நீட்டு."

நீட்டினேன். கடைக் கருவியில தொண்ணூத்தாறு. அவங்களோடதுல எண்பத்தஞ்சு.

மேஜையத் தட்டித் தட்டிச் சிரிச்சீங்க. "எண்பத்தஞ்சுன்னா இவ ஆம்புலன்ஸ்லல்ல இருக்கணும்! குத்துக்கல்லாட்டம் நிக்கிறா பாருங்கய்யா!"

மிஸ் ஷவோன் சிரிக்கல. என் நகத்தப் பாத்தாங்க. குனிஞ்சு என் காதுல மட்டும் ஒண்ணு கேட்டாங்க. நான் தலையாட்டினேன்.

"மன்னிக்கணும். நாங்க கிளம்பறோம்."

"அந்தக் கதவத் தாண்டினா ஒரு டாலர் கிடையாது." நீங்க சொன்னதுதான்.

தாண்டினாங்க.

காதுல என்ன கேட்டாங்கன்னு தெரியுமா? "கண்ணு, மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கயும் கடைக் கருவியத்தான் மாட்டினாங்க. தொண்ணூத்தாறு, வரிசையில உக்காருன்னாங்க. மிஸ் ஷவோன் சண்ட போட்டு ரத்தத்த எடுத்துப் பாக்க வெச்சாங்க. எண்பத்துநாலு. நுரையீரல்ல ரத்தக்கட்டி. வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா எழுந்திருக்கவே மாட்டேன்னு டாக்டர் சொன்னார்.

நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க. வந்ததும் உங்க மெயிலப் பத்திக் கேள்விப்பட்டு அவங்ககிட்டப் போனேன். "இத ஏன் யார்கிட்டயும் சொல்லல? சொல்லியிருந்தா காசு கொட்டியிருக்குமே!"

"அது உன் உடம்பு விஷயம் கண்ணு. பன்னெண்டு பேர் முன்னாடி அதப் போட்டு உடைச்சு, காசாக்கிக்க நான் யாரு?"

அவங்க வாயத் திறக்க மாட்டாங்க. நான் திறப்பேன்.

உள்ள வா, தனியாப் பேசிக்கலாம்னு கண்ணக் காட்டாதீங்க. உங்க மெயில் போன அத்தனை பேரும் இதே ஹால்லதான் இருக்காங்க. மைக்கப் பிடிங்க. என் விரல்ல எண்பத்தஞ்சுன்னு வந்ததும் மெஷின் கெட்டுப்போச்சுன்னு உங்க எல்லாருக்கும் தோணுச்சு. இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஏதோன்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூட ஏன் தோணல?

சொல்லுங்க. இவங்க எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க.