வெட்டிய நான்கு நிமிடம்

ரிவ்கா இறந்து நாற்பது வருடம் ஆகியும், சென்னை அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில் உட்கார்ந்து, நாஜி முகாமில் தான் பட்டதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பிம்பம் அது. உயிரோடிருந்தபோது அவர் பதிவுசெய்த பதில்களைத் தமிழாக்கி, வேண்டாததை வெட்டித் தொகுத்தவள் பூங்கோதை. பதினொரு வருடமாக அந்த அறையைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான்.

அன்று வந்த கான்ட்ராக்டர் தணிகைவேல் எடுத்தவுடனே கேட்டார். "இதெல்லாம் யூதங்க அனுதாபத்துக்குக் கட்டிவிட்ட கதைதானே?"

"இல்லப்பா," என்றார் ரிவ்கா. "என் தங்கச்சிய வரிசையிலேருந்து இழுத்துட்டுப் போனாங்க. அப்புறம் நான் அவளப் பார்க்கவே இல்ல."

தணிகைவேல் சிரித்தார். "மனப்பாடமா ஒப்பிக்குது. நிஜமா இருந்தா தொண்டை அடைக்காதா?"

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பூங்கோதைக்கு அலுத்துவிட்டது. வழக்கமாக வாயே திறக்கமாட்டாள். இன்று எழுந்து வந்தாள்.

"அடைச்சுது சார். நாலு நிமிஷம் அந்தம்மாவால பேசவே முடியல. பார்க்கிறவங்களுக்குப் பொறுமை இருக்காதுன்னு நான்தான் வெட்டிட்டேன்."

வெட்டாத பதிவை ஓடவிட்டாள். ரிவ்காவின் வாய் திறந்தது, மூடியது. விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. தணிகைவேல் போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பாதியில் எழுந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தார்.

முடிந்ததும் ரிவ்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி பேரு என்னம்மா?"

"பெல்லா. ஒன்பது வயசு."

பதிவில் பதில் எப்போதும் இருந்தது. அதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் போனபின் பூங்கோதை அந்த நான்கு நிமிடத்தையும் பழையபடி பதிலோடு சேர்த்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.