இரண்டு பை மண்

"உங்க அண்ணன் மண்ணுல உயிரே இல்ல சார்."

மண் பரிசோதனைக் கூடத்துப் பெண் இரண்டு அறிக்கைகளையும் மேஜைமேல் வைத்தாள். தம்பியால் நம்ப முடியவில்லை.

"என்னோடது?"

"பிரமாதம்! பயிருக்கு உதவுற நுண்ணுயிரெல்லாம் கொழிக்குது."

"எவன் மண்ணு உயிரோட இருக்கோ, அவனுக்குத்தான் தலைமடை வயல்" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். தண்ணீர் முதலில் பாயும் வயல். வேலை போனபின் ஒரு சின்னக் குத்தகை வயலோடு இரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிற தம்பிக்கு அது கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளையோடு இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

ஆனால், அண்ணன் மண்ணா செத்தது? "உரத்தையும் மருந்தையும் மூட்டை மூட்டையா கொட்டினா மண்ணுக்குள்ள இருக்கிறதெல்லாம் செத்துப்போயிடும்டா" என்று பார்க்கிறவனையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்கிறவர் ஆயிற்றே!

சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பார். தழை போட்டு உழுத சேற்றில் இறக்கிவிட்டு, "மிதிடா, நல்லா மிதி! கீழே கோடிப் பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்காங்க" என்பார். அவன் அலறிக் காலைத் தூக்குவான். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கவே பயமில்லாதபோதும் அலறியிருக்கிறான். எவ்வளவு நல்ல நாட்கள்!

இப்போது அதே அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது.

"பேச்சு ஒண்ணு, செய்யறது ஒண்ணு! திருட்டுத்தனமா மருந்தடிச்சிருக்கார், பாருங்க."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு உங்க அண்ணன் கேட்டுக்கிட்டார். நீங்க இப்படிப் பேசறப்போ என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல சார்."

"என்னம்மா?"

"அன்னிக்கு ரெண்டு பையையும் அவர்தானே கொண்டு வந்தார்? ஈரம் காயாம ஐஸ் பெட்டியில வெச்சாத்தான் உயிர் தங்கும்னு அவருக்கு நல்லாத் தெரியும். உங்க மண்ணை அப்படித்தான் குடுத்தார். அவர் மண்ணை மட்டும் இந்த வாசல்லேயே பரப்பி, நாள் முழுக்க வெயில்ல காயப்போட்டார்."

"ஏன்?"

"நானும் கேட்டேன். 'சும்மா குடுத்தா வாங்கிக்க மாட்டான்மா, ரோஷக்காரன். ஜெயிச்சா வாங்கிப்பான்'னார்."